மாதம் ஒரு ரிங்கிட்

என் மகளின் விவாகரத்து ஒப்பந்தத்தில் மொத்தம் பதினேழு பத்திகள். பதினாறை நான் வாய் திறக்காமல் படித்து முடித்தேன். ஒன்பதாவது பத்தியில்தான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. கணவர் மனைவிக்கு மாதம் ஒரு ரிங்கிட் பராமரிப்புத் தொகை கொடுப்பார் என்று அதில் எழுதியிருந்தது.

ஒரு ரிங்கிட். கிள்ளானில் வழக்கறிஞரின் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கடையில் ஒரு வடை அதைவிட அதிகம். பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு இப்படி எழுத யாருக்குக் கை வந்தது என்று கேட்டேன். எழுதியது மருமகன் தரப்பு இல்லை, எங்கள் வழக்கறிஞர் அம்மாதான் என்று தெரிந்தது. தெரிந்த பிறகாவது கோபம் இறங்கியிருக்க வேண்டும். ஏறியது.

நான் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவன். மற்றவர்கள் எழுதிய தாளில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கினவன். அந்தத் திமிர் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

மகள் கல்யாணத்துக்கு முன்னால் சுபாங் ஜெயாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலையில் இருந்தாள். மருமகன் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் லோரி ஓட்டித் தொழில் தொடங்கியவர். இரண்டு லோரி நான்கானதும், "சொந்தத் தொழில் இருக்கும்போது வெளியில எதுக்கு வேலை" என்று அவளை நிறுத்தி, கம்பெனிக் கணக்கைப் பார்க்க உட்கார வைத்தார். பதினாறு வருஷம் பார்த்தாள். சம்பளச் சீட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஊழியர் சேமநிதியில் அவள் பெயரில் ஒரு காசு ஏறவில்லை. கணக்கு அலுவலகத்திலேயே தலை நரைத்த நான் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்கள் என் மருமகனை "பாஸ்" என்று கூப்பிடுவது எனக்கு இனிப்பாக இருந்தது.

பிரிந்த காரணத்தை நீட்டி எழுதப் போவதில்லை. இன்னொரு வீடு இருந்தது. அந்த வீட்டின் மின்சாரக் கட்டணத்தையும் கம்பெனிச் செலவில் என் மகள்தான் மாதாமாதம் கட்டியிருக்கிறாள், யார் வீடு என்று தெரியாமல். ஸ்டோர் என்று சொல்லியிருந்தார். கட்டணம் ஏன் இவ்வளவு ஏறுகிறது, ஸ்டோரில் ஏர்கோன் ஓடுகிறதா என்று ஒருநாள் நேரில் பார்க்கப் போனாள். அத்தோடு முடிந்தது.

அவள் பிரிக்பீல்ட்ஸில் என் ஃபிளாட்டுக்குத் திரும்பி வந்த வாரமே நான் செய்த முதல் காரியம், தாலிக்கொடியைத் திருப்பி அனுப்பியது. பதினோரு பவுன். நகைக்கடையில் எடை போட்டு, சீட்டு எழுதி வாங்கி, மருமகனுடைய அம்மாவின் கையில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினேன். அவர்கள் கேட்கவே இல்லை. நமக்கு எதுவும் வேண்டாம் என்று காட்ட வேண்டுமாம். போன மாதம் அந்தப் பதினோரு பவுனை அன்றைய தங்க விலைக்குப் பெருக்கிப் பார்த்தேன். மூன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதே திமிரோடுதான் ஒன்பதாவது பத்தியைப் படித்தேன்.

"அங்கிள், கொஞ்சம் பொறுங்க," என்றார் வழக்கறிஞர் அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். "அது பேருக்குப் போடுறது. அந்த ஒரு ரிங்கிட்ட வாங்கிச் செலவு பண்றதுக்கு இல்ல. இப்ப அக்காவுக்கு வேலை கிடைச்சிருக்கு, சரி. நாளைக்கு வேலை போச்சு, ஒடம்பு முடியல, அப்படின்னா இந்த ஒரு ரிங்கிட்ட வெச்சு, ஏத்திக் கொடுங்கன்னு கோர்ட்ல..."

நான் முடிக்க விடவில்லை.

"எம்பொண்ணு பிச்சை எடுக்க வரலம்மா. அத வெட்டுங்க."

"அப்பா, அவங்க சொல்றத முழுசா கேளுங்களேன்," என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. மாசா மாசம் பேங்க்ல ஒரு ரிங்கிட்ட போட்டுட்டு அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கல்யாண வீட்டுல சொல்லுவான், கோயில்ல சொல்லுவான். நான் எப்படி வெளிய தலை காட்டுறது?"

"சிரிச்சா சிரிக்கட்டும் லா, அங்கிள்," என்றார் வழக்கறிஞர். "சிரிக்கிறதுக்கு கோர்ட் ஃபீஸ் இல்ல."

அவர் வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மேசையைத் தட்டினேன். வெளி அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். வழக்கறிஞர் என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்து, "அக்கா, இது உங்க கேஸ். நீங்க சொல்லுங்க," என்றார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தாள். "அப்பா சொல்ற மாதிரியே போட்டுருங்க," என்றாள்.

ஒன்பதாவது பத்தி போனது. அந்த இடத்தில், இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் இப்போதும் இனிமேலும் பராமரிப்பு எதுவும் கோரமாட்டார்கள் என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்திக் கொடுத்தேன்.

வீட்டை விற்றுக் கடன் போக மிஞ்சியதைப் பாதியாகப் பிரிப்பது என்ற பத்திக்கு மருமகன் தரப்பு பதில் அனுப்பப் பதினான்கு நாள் எடுத்துக்கொண்டது. காருக்கு ஒன்பது நாள். நாற்காலி, அலமாரிக்குக்கூடப் பதினோரு நாள். இந்தப் புதிய வரிக்கு மட்டும் அன்று சாயங்காலமே சம்மதம் வந்தது. நாள் கணக்கை டைரியில் குறித்து வைத்தவன் நான். குறித்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று மகளிடம் சொன்னேன்.

நீதிமன்றத்தில் ஆறு நிமிடம். இருவரும் சேர்ந்து கொடுத்த மனு என்பதால் சண்டை இல்லை. பராமரிப்பு வேண்டாம் என்பது உங்களுக்குப் புரிகிறதா என்று நீதிபதி கேட்டார். புரிகிறது என்றாள்.

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. சுபாங் ஜெயாவில் ஒரு சிறிய தணிக்கை நிறுவனத்தில் ஒப்பந்த வேலை, மாதம் இரண்டாயிரத்து அறுநூறு. வீட்டை விற்று வந்த பணம், அவள் பெயரில் இருந்த தனிக்கடனுக்கும் ஒரு பழைய காரின் முன்பணத்துக்கும் போனது. பிறகு ஒருநாள் அலுவலகத்தில் வலது கண்ணில் கறுப்பாக நூல் நூலாக மிதக்கிறது என்றாள். இனிப்புநீர், அதுதான் சர்க்கரை வியாதி, அவளுக்குப் பத்து வருஷமாக உண்டு. கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. லேசர் செய்தார்கள், ஊசி போட்டார்கள், இடது கண்ணுக்கும் தொடங்கினார்கள். எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரிகின்றன என்றாள். கணக்குப் பார்க்கிற பெண்ணுக்கு எண் தெரியவில்லை என்றால் யார் வைத்துக்கொள்வார்கள்? ஒப்பந்தம் முடிந்த அன்று ஒரு கேக் வெட்டி அனுப்பிவிட்டார்கள்.

அரசாங்க மருத்துவமனைதான் என்றாலும், வெளியில் வாங்கச் சொன்ன மருந்து, போய்வரும் செலவு, சாப்பாடு, காருக்கான மாதத் தவணை எல்லாம் சேர்த்து எழுதினேன். மாதம் ஆயிரத்து நானூற்று அறுபது. என் பென்ஷன் என் இருதய மருந்துக்கும் ஃபிளாட்டுக்கும் போக ஐந்நூறு மிஞ்சும், மிஞ்சினால். எனக்கு எழுபத்தேழு வயது. எனக்குப் பிறகு அந்த ஐந்நூறும் இல்லை. அவளுக்கு மாதம் ஒரு தொகை வந்தாக வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் மேருவில் இருக்கிறார். கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் அவளுடைய அப்பன்.

மறுபடி கிள்ளான். நானும் மகளும் கோமுட்டர் ரயிலில் போனோம். வழக்கறிஞர் பழைய கோப்பை எடுத்துப் படித்தார்.

"கேக்கவே முடியாதுன்னு சட்டம் சொல்லல, அக்கா. டைவர்ஸுக்கு அப்புறமும் கேக்கலாம். உங்க தேவை என்ன, அவருக்குக் குடுக்க வசதி இருக்கா, யாரால கல்யாணம் முறிஞ்சது, எல்லாம் கோர்ட் பாக்கும். நீங்க மறுகல்யாணம் பண்ணல, அதுவும் சரி. ஆனா நீங்களே வேணாம்னு சைன் வெச்சிருக்கீங்களே. அவங்க லோயர் அந்த ஒரு வரியத்தான் தூக்கிட்டு வருவாரு. அந்த ஒரு ரிங்கிட்டு இருந்திருந்தா, ஏத்திக் குடுங்கன்னு கேட்டிருப்போம். இப்ப மொதல்ல ஏன் வேணாம்னு சொன்னீங்கன்னு பதில் சொல்லணும்."

 என்னைப் பார்த்து அவர் ஒரு குறை சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் மருமகன் மேல் திரும்பியது. என் மேல் இருக்கும் கோபத்தைச் சுமப்பதைவிட அது சுலபம். இரண்டு நாள் கழித்து, மகள் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, கிராப் வாடகைக் கார் பிடித்து மேருவுக்குப் போனேன். போகும் செலவே நாற்பத்தெட்டு ரிங்கிட்.

அவருடைய லோரிக் கொட்டகை முன்பைவிட இரண்டு பங்கு பெரிதாக இருந்தது. வாசலில் நின்று எண்ணினேன். ஏழு லோரி. ஏழு நம்பரையும் டைரியில் எழுதிக்கொண்டேன். மருமகன் வெளியே வந்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"மாமா! வெயில்ல நிக்கிறீங்களே. உள்ள வாங்க. டேய், மாமாவுக்கு ஒரு தே ஓ போடு. சீனி வேணாம்."

"தண்ணி குடிக்க வரல. அவளுக்குக் கண்ணு போயிட்டு இருக்கு, தெரியுமா?"

"கேள்விப்பட்டேன் மாமா. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"மனசு கஷ்டத்த வெச்சு மருந்து வாங்க முடியாது. பதினாறு வருஷம் இந்தக் கொட்டகைக்குச் சம்பளம் இல்லாம கணக்கு எழுதினா. அத மாசா மாசம் திருப்பிக் குடு."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அதில் நடிப்பு இல்லை, உண்மையாகவே சங்கடப்பட்டார் என்றுதான் தோன்றியது. "மாமா, நான் மாசம் ஒரு ரிங்கிட்டுன்னு போட்டதுக்குச் சரின்னுதான் சொன்னேன். நீங்கதான் வேணாம்னு வெட்டிட்டீங்க. எங்க லோயர் அன்னிக்கே சொன்னாரு, பாஸ், ஒங்க மாமனாருக்கு மாலை போடுங்கன்னு."

அங்கே நின்ற இரண்டு ஓட்டுநர்கள் சிரித்தார்கள். நான் கையில் இருந்த குடையை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஓங்கியது உண்மை. அந்தப் பால் இல்லாத தேநீர் வந்து, மேசையில் ஆறி, அப்படியே இருந்தது.

ஏழு லோரி நம்பரையும் மறுநாள் மகளிடம் பெருமையாக நீட்டினேன். வசதியில்லை என்று அவன் சொன்னால் இதைக் காட்டலாம் என்றேன். அவள் தாளைக் கண்ணுக்கு நான்கு அங்குலம் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது எல்லாம் அவரு தம்பி பேர்ல இருக்குப்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஃபாரம் எல்லாம் நான்தானே நெரப்புனேன். கடன் வாங்கறதுக்கு வசதின்னு சொன்னாரு. புதுசு ரெண்டும் அதே மாதிரிதான் இருக்கும்." தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள். "யாருப்பா ஒங்கள அங்க போகச் சொன்னது?"

"உனக்காகத்தான் போனேன்."

"அன்னிக்கும் எனக்காகத்தான் கத்துனீங்க."

 

மனு போட்டோம். பதிலுக்கு மருமகன் தந்த சத்தியப் பிரமாணத்தில் மூன்று விஷயம். ஒன்று, என் பெயரில் இப்போது ஒரு லோரிகூட இல்லை, தம்பியிடம் மேற்பார்வையாளராகச் சம்பளத்துக்கு இருக்கிறேன். இரண்டு, என் மனைவியாக இருந்தவள் தன் வழக்கறிஞர் முன்னிலையில் முழு மனதோடு பராமரிப்பு வேண்டாம் என்றாள். மூன்றாவது, அவளுடைய தகப்பனார் என் தொழிலிடத்துக்கு வந்து குடையால் தாக்க முயன்றார். தேதி, நேரம், இரண்டு சாட்சி. எல்லாம் சரியாக இருந்தது. ஒரு தப்புக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் வழக்கறிஞர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அங்கிள், இனிமே அந்தப் பக்கம் போகாதீங்க. பிளீஸ். இப்ப எனக்கு ஒங்ககிட்ட ஒண்ணு வேணும். லோரி யாரு பேர்ல போச்சு, எப்பப் போச்சுன்னு அக்கா சொல்லிட்டாங்க, அத நான் பாத்துக்கறேன். முழு மனசோட சைன் வெச்சாங்கன்னு சொல்றாரு பாருங்க, அதுக்கு ஒங்க வாக்குமூலம் வேணும்."

மலாய் மொழியில் தயார் செய்திருந்தார். பதினொரு பத்தி. நான் படித்துக்கொண்டே வந்தேன். ஆறாவது பத்தியில், நான் என் மகளை வற்புறுத்தினேன், குரலை உயர்த்தினேன், வழக்கறிஞரின் விளக்கத்தைக் கேட்க விடவில்லை, என்னை எதிர்த்துப் பேசும் நிலையில் அவள் இல்லை, தங்குவதற்கு என் வீட்டைத் தவிர அவளுக்கு அப்போது வேறு இடம் இல்லை என்று இருந்தது.

கடைசி வாக்கியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நான் அப்படி நினைத்ததே இல்லை. என் வீடு அவள் வீடு என்றுதான் நினைத்திருந்தேன்.

"வற்புறுத்தினேன்னு வேணாம்மா," என்றேன். "ஆலோசனை சொன்னேன்னு போடுங்க. அப்பன் மகளுக்கு ஆலோசனை சொல்றது உலக வழக்கந்தானே."

வழக்கறிஞர் பேனாவை எடுக்கவில்லை. "ஆலோசனைன்னா இது நிக்காது, அங்கிள்."

"நான் எழுபத்தேழு வயசு மனுஷன். கோர்ட்ல போய் நான் ஒரு ரவுடின்னு எழுதிக் குடுக்கணுமா?"

"ஆலோசனை இல்லப்பா," என்றாள் மகள். என் பக்கம் திரும்பித்தான் பேசினாள், ஆனால் பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்தது. கண் அப்படி. "கத்துனீங்க. மேசையத் தட்டுனீங்க. வெளிய அந்தப் பொண்ணு எட்டிப் பாத்தா. எனக்கு ஒரு ரிங்கிட்டு வேணும்னு அன்னிக்கே தெரியும். லோயர் பாதி சொல்லும்போதே புரிஞ்சிருச்சு. ஒங்க வீட்ல இருந்துகிட்டு ஒங்கள எதுத்துப் பேச எனக்குத் தைரியம் இல்ல. அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது.  எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். போனால் மாதம் ஆயிரத்து நானூற்று அறுபதை எங்கிருந்து கொண்டுவருவேன் என்று கணக்கு உள்ளே ஓடியது.  பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான்கு கடை தள்ளி, வாக்குமூலத்துக்குச் சத்தியம் வாங்கி முத்திரை போடும் பிரமாண ஆணையரிடம் போனோம். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "எல்லாம் உண்மைதானே, பாக் சிக்?" என்று மலாயில் கேட்டார். ஒரு நாளைக்கு இதை நூறு பேரிடம் கேட்பவர், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உண்மைதான் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை இரண்டு முறை தள்ளிப்போனது. மூன்றாம் முறைக்கு முன்னால் எதிர்த்தரப்பிலிருந்து பேச வந்தார்கள். லோரிகள் தம்பி பேருக்குப் போன கதையை நீதிமன்றத்தில் கிளறுவதை அவர்கள் விரும்பவில்லை என்று வழக்கறிஞர் சொன்னார். பணம் கொடுக்கத் தயார், எவ்வளவு என்பதுதான் பேச்சு.

நான் எல்லா ரசீதுகளையும் தேதி வாரியாக ஒட்டி, கீழே கூட்டிப் போட்டு, பதினெட்டுப் பக்கம் தயார் செய்தேன். ஆயிரத்து நானூற்று அறுபது. ஒரு காசு குறையக் கூடாது. சம்பளம் இல்லாத பதினாறு வருஷத்துக்கு அது பிச்சைக்காசு. ஜீவனாம்சம் வாங்கித் தின்கிறாள் என்று கோயிலில் இரண்டு பேர் பேசினார்களாம். பேசினவர்கள் வீட்டில் யார் கணக்கு எழுதுகிறார்கள், யார் பெயரில் வீடு இருக்கிறது, யாருக்குச் சேமநிதி ஏறுகிறது என்று போய்க் கேட்க வேண்டும்போல் இருந்தது. இந்த முறை குடையை வீட்டில் வைத்துவிட்டுக் கேட்பேன்.

பேச்சுவார்த்தை நடந்த அன்று காலை, பதினெட்டுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு சட்டையை மாட்டினேன். மகள் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க வர வேணாம்பா. அந்தப் பேப்பர மட்டும் குடுங்க."

கொடுத்தேன். அவள் போனது எட்டே காலுக்கு. திரும்பி வந்தது இரண்டு ஐம்பதுக்கு. காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எவ்வளவு?"

"தொள்ளாயிரம். ஒவ்வொரு மாசமும் அஞ்சாந்தேதி பேங்க்ல போடணும். கோர்ட் ஆர்டரா வரும். நெலம மாறினா மறுபடி ஏத்திக் கேக்கலாம்னு ஒரு வரி போடச் சொன்னேன். போட்டாங்க."

தொள்ளாயிரம். ஐந்நூற்று அறுபது குறைகிறது. நான் எழுந்து நின்றேன். யாருடைய காசு அது, அவனுக்கு ஏழு லோரி ஓடுகிறது, வழக்கறிஞர் விலை போய்விட்டாரா, இன்னும் ஒரு வாரம் பிடிவாதமாக இருந்திருந்தால் ஆயிரத்து இருநூறாவது வந்திருக்கும், நான் கூட வந்திருந்தால் விட்டிருப்பேனா என்று வரிசையாகக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவள் கண் மருந்துக் குப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஒத்துக்க முடியாது. நாளைக்கே லோயர்கிட்ட போறோம்," என்றேன்.

"சைன் வெச்சிட்டேன்பா."

"யாரக் கேட்டு வெச்ச?"

"யாரையும் கேக்கல," என்றாள். தலையை அண்ணாந்து, இமையை விரலால் விரித்து, வலது கண்ணில் முதல் சொட்டை விட்டாள்.